கம்பவுண்டருக்கு ஐந்து முறை ஃபெயில்

போன மாதம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆய்வாளர் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, முகத்தில் அதற்குள் அவ்வளவு சலிப்பு. மூன்று பேரும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: சிபாரிசோடு வருகிறவனை எப்படிச் சார் சமாளிப்பது?

எனக்கு எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. சிபாரிசோடு வருகிறவனைச் சமாளிப்பது ஒரு வேலையே இல்லை. வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். மிஞ்சிப் போனால் மாற்றல் வரும். மோட்டார் வாகன ஆய்வாளராக, ஜனங்கள் வாயில் 'பிரேக் இன்ஸ்பெக்டராக', நான் ஏழு ஊருக்கு மாற்றலாகியிருக்கிறேன். ஏழு ஊரிலும் சோறு கிடைத்தது. தூக்கத்தைக் கெடுப்பவர்கள் வேறு ரகம். உண்மையான தேவையோடு, நியாயத்தோடு வந்து நிற்பார்கள். ஆனால் ஓட்டத் தெரியாது. அவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மதுரை அலுவலகத்தில் இருந்தேன். தேனி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. மாதத்தில் சில நாள் தேனிக்கு முகாம் போவேன். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல். கம்பம், போடி, தேவாரம், கடமலைக்குண்டு என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் அங்கே வந்து சேர்வார்கள். நான்கு கம்புகளை நட்டு, அவற்றுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தச் சொல்வேன். பிறகு சாலையில் ஒரு சுற்று. அவ்வளவுதான் டெஸ்ட்.

ஒரு மாசி மாதத்தில் அந்தப் பொட்டலுக்குத் தேவசகாயம் வந்தார். நாற்பது வயது இருக்கும். மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மருந்தகத்தில் கம்பவுண்டர். வெள்ளைச் சட்டை, கையில் குடை, பக்கத்தில் வந்தாலே டிஞ்சர் வாசனை. எஸ்டேட்டில் நோயாளிகளைக் கீழே கொண்டுவர ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். அதை ஓட்டிய டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மழையும் அட்டையும் குளிருமாகக் கிடக்கும் இடத்துக்கு வேறு டிரைவர் வரமாட்டேன் என்கிறார்கள். அதனால் கம்பவுண்டரே ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்று முடிவாகியிருக்கிறது. இதெல்லாம் அவர் கொண்டுவந்த மேனேஜரின் கடிதத்தில் ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது.

நான் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து ஸ்டீயரிங்கைத் துடைத்தார். பிறகு கண்ணை மூடினார். உதடு அசைந்தது. நான் பொறுத்துப் பார்த்தேன்.

"ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. கண்ணைத் திறந்துகிட்டுப் பண்ணுங்க."

"மன்னிக்கணும் சார்" என்று சாவியைத் திருகினார். வண்டி மூன்று முறை குலுங்கி அணைந்தது. நான்காவது முறை கிளம்பியது. சாலைக்கு வந்ததும் வலது பக்கம் திரும்பச் சொன்னேன். அந்தக் காலத்தில் கைச் சைகை முக்கியம். அவர் வலது கையை வெளியே நீட்டினார். நீட்டியவர் அதை உள்ளே எடுக்கவில்லை. அப்படியே இடது கையால் கியரை மாற்றப் போனார். ஸ்டீயரிங்கை யாருமே பிடித்திருக்கவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் வண்டியை விட்டுக் குதித்தார். ஸ்டீயரிங்கை நான்தான் எட்டிப் பிடித்து ஒடித்தேன்.

திரும்பி வந்து கம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். நான்கு கம்பில் மூன்று சாய்ந்தன.

"ரிவர்ஸ் யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கல சார். சின்னமனூர்ல ஒரு பழைய லாரி டிரைவருதான் பழக்குனாரு. முன்னால போறது மட்டும் போதும், ரிவர்ஸ் தானா வரும்னாரு. வண்டிய இங்க கொண்டாந்து விட்டதும் அவருதான்."

ஃபெயில் என்று எழுதினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி! கெட்ட வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்குக் கோபமே வந்ததில்லை.

சித்திரையில் மறுபடி வந்தார். கையை உள்ளே எடுக்கப் பழகியிருந்தார். ரிவர்ஸ் வரவில்லை. மேனேஜரின் இன்னொரு கடிதம். மறுபடி ஃபெயில். லைசென்ஸ் இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். மறுபடி நன்றி.

ஆனி மாதத்தில் நடந்தது எனக்கு ஆடியில்தான் தெரிந்தது. மூன்றாவது டெஸ்டுக்கு வந்தவர் முகம் சரியாக இல்லை. என்ன என்று கேட்டேன். எஸ்டேட்டில் இலை பறிக்கிற ஒரு பெண்ணுக்குக் காலை எட்டு மணிக்கு வலி கண்டிருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் முடியாது, கீழே கொண்டுபோக வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். ஆபீஸில் கேட்டால் டிரைவர் இல்லை. இலை ஏற்றும் லாரி அன்று சின்னமனூர் போயிருந்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்து எட்டுப் பேர் மழையில் தூக்கி இறங்கினார்கள். பாதி மலையிலேயே பிள்ளை பிறந்தது. உயிரில்லை. தாய் மட்டும் பிழைத்தாள்.

"ஜீப் அங்கனதான் சார் நின்னுச்சு" என்றார். "சாவி என் பையில இருந்துச்சு. லைசென்ஸ் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீகளே. எடுத்திருந்தாலும் அந்தச் சேத்துல எல்லாரையும் சேத்துக் கவுத்திருப்பேன்."

அன்றும் அவர் கம்புகளைச் சாய்த்தார். அன்றும் ஃபெயில் என்று எழுதினேன்.

மதுரைக்குத் திரும்பியதும், எனக்கு வேலை பழக்கிய மூத்த ஆய்வாளரிடம் சொன்னேன். பெயர் வேண்டாம். ஒரு வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற மனிதர். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கொடுத்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "பாஸ் போட்டு விட்ருய்யா. மலை மேல எவன் பாக்கப் போறான்?" என்றார். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் சில நாளில் தவறாகச் சொல்வார்கள். அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் சரியானது எது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆவணி முகாமில் காலை பத்து மணிக்கு ஓர் எஸ்டேட் லாரி பொட்டலுக்குள் வந்து நின்றது. அதிலிருந்து முப்பது, நாற்பது பெண்கள் இறங்கினார்கள். தலையில் துண்டு, காலில் மலைச் சேறு. முன்னால் வந்தவள் பேச்சியம்மாள். குழந்தையை இழந்தவள் இவளுடைய மருமகள். இவளுடைய மகள் இப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஐப்பசியில் பேறுகாலம்.

"அந்த இன்ஸ்பெக்டரு நீங்கதானா?" என்றாள்.

"நான்தான்."

"என்னங்கய்யா பெரிய பரீட்சை? எங்க கம்பவுண்டரு ஊசி போட்டா நோவே தெரியாது. கைக்குழந்தைக்குக்கூட அழுகாம போடுவாக. அந்தக் கைக்கு இந்தச் சக்கரத்தைத் திருப்பத் தெரியாதா?"

"ஊசி போடுறது வேற ஆத்தா, வண்டி ஓட்டுறது வேற."

"நாலு குச்சிய ஊனி வச்சுக்கிட்டு உள்ள வா, உள்ள வாங்கிறீகளே, எங்க மலையில எங்கய்யா இருக்கு குச்சி?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். டெஸ்டுக்கு வந்திருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். தேவசகாயம் மட்டும் வெட்கத்தில் சாகிறவர்போல நின்றார். "நான் கூப்பிடல சார், சத்தியமா நான் கூப்பிடல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவரை ஓட்ட வைத்தேன். நான்கு கம்பும் சாய்ந்தன.

நான்காவது ஃபெயில். பெண்கள் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வேறு யாரும் அன்று டெஸ்ட் கொடுக்க முடியவில்லை. வெயில் ஏறியது, எனக்குப் பொறுமை போனது. எழுந்து நின்று கத்தினேன்: "சரி, கம்பே வேணாம். அடுத்த மாசம் நானே சின்னமனூர் வரேன். உங்க மலையிலேயே ஓட்டிக் காட்டட்டும்!"

கைதட்டினார்கள். பெரிய நியாயவான்போல நானும் உட்கார்ந்தேன். கோபத்தில் எடுத்த முடிவு அது. தட்டையான தரையில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒருவரை, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமான பாதையில் ஏற்றிச் சோதிப்பேன் என்று, கூட்டத்தின் சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறேன். அதை ரோஷம் என்று நினைத்தேன். பயம்தான் அது.

புரட்டாசியில் மலையடிவாரத்துச் சின்னமனூருக்குப் போனேன். ஜீப் தயாராக நின்றது. தேவசகாயத்துக்கு இந்த முறை மழிக்காத முகம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார். நான் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் பேச்சியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் கேட்காமலேயே ஏறினார்கள்.

"டெஸ்ட் வண்டியில ஆள் ஏறக் கூடாது" என்றேன்.

"மேல எங்களுக்கு வீடு இருக்குய்யா. நடந்தா போகச் சொல்றீக?"

இறக்கிவிட எனக்குத் தெம்பில்லை. அது அன்றைய இரண்டாவது தவறு.

உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவர் நன்றாகவே ஏற்றினார். அந்தப் பாதையை எத்தனையோ வருஷம் நடந்து இறங்கி ஏறியவர். எந்த வளைவில் நீர் கசியும், எங்கே கல் பெயர்ந்திருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். கியரைச் சரியான இடத்தில் குறைத்தார். ஏழெட்டு வளைவு தாண்டியதும் எனக்கே நிம்மதி வந்தது. பாஸ் போடலாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அடுத்த வளைவில் இலை லாரி எதிரே வந்து நின்றது. இரண்டு வண்டிக்கு அங்கே இடமில்லை. பாரத்தோடு இறங்குகிற லாரி பின்னால் ஏற முடியாது. எங்களுக்குப் பின்னால் முப்பது அடியில் பாதை கொஞ்சம் அகலமாக இருந்தது. நாங்கள்தான் ரிவர்ஸ் போக வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் "போங்க" என்றேன்.

பத்தடி சரியாகப் போனார். பிறகு ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துவிட்டார். இடது பின்சக்கரம் ஓரக் கல்லைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. கல் உருண்டு போகிற சத்தம் கேட்டது. விழுந்து நிற்கிற சத்தம் கேட்கவில்லை. அவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? இத்தனை வருஷ அனுபவமுள்ள நான், பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். வண்டி இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

"சார், கைய எடுங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. மருந்தகத்தில் ஊசி போடும்போது ஆட்டாதே என்று நோயாளியிடம் சொல்கிற குரலாக இருக்க வேண்டும். நான் கையை எடுத்துவிட்டேன்.

"ஹேண்ட் பிரேக்க மட்டும் இழுங்க. இழுத்துட்டீகளா? பேச்சியம்மா, எல்லாரும் வலது பக்கமா மெதுவா இறங்குங்க. குதிக்கக் கூடாது. இறங்கி முன்சக்கரம் பின்சக்கரம் எல்லாத்துக்கும் பின்னால கல்லு வைங்க. சார், நீங்களும் எம்மேல ஏறி இந்தப் பக்கமா இறங்குங்க. நான் காலை எடுக்க மாட்டேன்."

அரசாங்கச் சீருடையோடு அவர் மடி மேல் ஊர்ந்து இறங்கினேன். பெண்கள் ஆளுக்கொரு பாறையைத் தூக்கிவந்து சக்கரங்களுக்கு அணைகொடுத்தார்கள். லாரி டிரைவர் ஓடிவந்தார். "முதல் கியர்ல போட்டு வேகமா மிதிங்க, ஏறிரும்" என்றார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தேவசகாயம் தலையை ஆட்டினார். "எனக்குக் கிளட்ச் நழுவும். நீங்க வந்து எடுங்க அண்ணே." சொல்லிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை அங்குலம் அங்குலமாகத் தளர்த்தி, வண்டி நிற்கிறது என்று உறுதியான பிறகுதான் இறங்கினார். லாரி டிரைவர் ஏறி ஒரே மூச்சில் ஜீப்பை மேலே எடுத்தார். பிறகு அவரே அதை ரிவர்ஸில் கொண்டுபோய் அகலமான இடத்தில் நிறுத்தினார்.

மீதி மலையைத் தேவசகாயமே ஓட்டினார். மேலே மருந்தகத்து வாசலில் வண்டி நின்றது. நான் பேப்பரை எடுத்தேன். அந்த மனிதர் காட்டிய நிதானத்துக்கு எத்தனை பாஸ் வேண்டுமானாலும் போடலாம் என்றிருந்தது. பேனாவைத் திறந்தேன்.

"ஃபெயில்னு எழுதுங்க சார்" என்றார் அவர்.

"என்னது?"

"ரிவர்ஸ் எனக்கு இன்னும் வரல. இன்னைக்கு லாரி டிரைவர் அண்ணன் இருந்தாரு. பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டுப் போறப்ப யாரு இருப்பா?"

பேச்சியம்மாளுக்கு வந்தது ஆத்திரம். "ஏய்யா, உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? எழுதுறேன்னு பேனாவத் தொறந்துட்டாக. உங்க வாய ஏன் தொறந்தீக? எம்மகளயும் கட்டில்ல தூக்குறதுக்கா?" என்று அவரைப் பிடித்து ஏசினாள். பிறகு என்னை ஏசினாள். பிறகு பொதுவாக வானத்தைப் பார்த்து ஏசினாள்.

ஐந்தாவது ஃபெயிலை எழுதினேன். அந்தக் கோபத்தை யார்மேலாவது இறக்க வேண்டும். மேனேஜரின் பங்களாவுக்கு நடந்தேன். பேச்சியம்மாளும் பின்னாலேயே வந்தாள். ஊருக்கே டிரைவர் கிடைக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை, கடிதம் எழுதினால் போதுமா என்று கேட்கத்தான் போனேன். பங்களா முன்னால் ஒரு கார் நின்றது. சேறு காயவில்லை.

"இதை யார் ஓட்டுறாங்க?" என்றேன்.

"நான்தான்" என்றார் மேனேஜர். "சின்னமனூர் வரைக்கும் வாரா வாரம் போறேன்."

"லைசென்ஸ்?"

அவருக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் எடுத்துவந்தார். பல வருஷ லைசென்ஸ். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஆனியில அந்தப் பெண்ணுக்கு வலி வந்த அன்னைக்கு எங்க சார் இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன். மத்தியானம்தான் விஷயமே தெரிஞ்சது. யாரும் என்கிட்ட வந்து கேக்கலையே."

"துரைகிட்டப் போயி வண்டி ஓட்ட வாங்கன்னு எப்படிய்யா கேக்குறது?" என்றாள் பேச்சியம்மாள், வாசற்படிக்குக் கீழே நின்று.

அவர் முகம் சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை. கம்பவுண்டருக்காக நான்கு சிபாரிசுக் கடிதம் எழுதியவர். ஜீப்பில் ஏறி உட்காரலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அவரைச் சொல்கிறேனே, எனக்குத் தோன்றியதா? பழகுநர் லைசென்ஸ் உள்ளவர், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரை வைத்துக்கொண்டு, 'எல்' பலகை மாட்டி ஓட்டலாம். அது சட்டம். தினமும் பத்துப் பேருக்கு அதைச் சொல்கிறவன் நான். மாசியிலிருந்து அந்தக் கம்பவுண்டரைப் பார்க்கிறேன். மேலே லைசென்ஸ் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டதில்லை. பாஸா, ஃபெயிலா என்பதைத் தாண்டி என் மூளை நகரவில்லை.

"பேறுகாலம் வரைக்கும் நீங்க பக்கத்துல உட்காரணும்" என்றேன் மேனேஜரிடம். "ரிவர்ஸ் வந்தா நீங்க எடுக்கணும். தினமும் அரை மணி நேரம் அவருக்கு ரிவர்ஸ் பழக்கணும். கடிதம் வேண்டாம்."

என்னிடம் இப்படிப் பேச உனக்கென்ன அதிகாரம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேச்சியம்மாளைப் பார்த்தார். "சொல்லி அனுப்பு. வரேன்" என்றார்.

ஐப்பசியில் ஒரு மழை நாள் காலையில் வலி கண்டது. தேவசகாயம் ஓட்ட, மேனேஜர் பக்கத்தில் இருக்க, இறங்கினார்கள். வழியில் இரண்டு இடத்தில் மேனேஜர் ஸ்டீயரிங்கை வாங்கினாராம். சின்னமனூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை.

கார்த்திகை முகாமுக்கு ஆறாவது முறையாக வந்தார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கி, மற்றவர்களோடு வெயிலில் நின்றார். ஒரு கம்பும் அசையவில்லை. பாஸ் என்று எழுதிக் கொடுத்தேன். தேவசகாயம் வழக்கம்போல நன்றி சொன்னார்.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் பேத்தியோடு இறங்கினாள். குழந்தையைக் காட்டினாள். நல்ல கருகருவென்ற முடி. நான் ஏதோ சொன்னேன், சௌக்கியமா என்பதுபோல. அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"துரை பக்கத்துல உக்காந்தா ஓட்டலாம்னு சித்திரையிலயே சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றாள். "எம்மருமக பிள்ளையும் இருந்திருக்கும்."

என் மேசை மேல் அன்று இன்னும் இருபது விண்ணப்பங்கள் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தேன். பெயரைப் படித்துக் கூப்பிட்டேன். வந்து நின்ற ஆளிடம், வண்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்டுல வேற யாருக்கு ஓட்டத் தெரியும்?" என்று கேட்டேன். எதற்கு இது என்று அந்த ஆள் விழித்தான். பேச்சியம்மாள் ஜீப்பில் ஏறிவிட்டிருந்தாள்.